சீசன் விலைக்கு ஒரு ஏசி

எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்குவதென்றால்கூட மூன்று கடை ஏறி இறங்கியாக வேண்டும். முதல் கடையில் விலை கேட்பார். இரண்டாவது கடையில் முதல் கடைக்காரன் சொன்ன விலையைச் சொல்லுவார். மூன்றாவது கடையில் இரண்டு விலையையும் சொல்லிவிட்டு, வாங்க மனமில்லாதவர் மாதிரி வாசல்வரை நடந்து வந்து நிற்பார். கடைக்காரன் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் நாலாவது கடை. அதற்குள் எனக்குக் கால் கழன்றுவிடும்; வாளியே இல்லாமல் குளித்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும்.

என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். தண்ணீர்ப் பம்பு செய்கிற கம்பெனியில் சாமான் வாங்கும் பிரிவில் இருக்கிறார். அங்கே எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்க வேண்டும் என்பது சட்டம். துடைப்பத்துக்கும் மூன்று கொட்டேஷன், பாரம் தூக்கும் கிரேனுக்கும் மூன்று கொட்டேஷன். மற்றவர்கள் எல்லாம் சாயங்காலம் அந்தச் சட்டத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் டிபன் பாக்ஸோடு சேர்த்து அதையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். தெருவில் இவருக்கு ‘மூணு கடை’ என்று பெயர். என்னை ‘மூணு கடை வீட்டம்மா’ என்பார்கள்.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர்கள் என்று சொல்லுவோமே, அந்த ரகம் இல்லை இவர். கஷ்டம் என்று ஒருவர் வந்து நின்றால் எண்ணிப் பார்க்காமல் கொடுப்பார். ஆனால் ஒரு பொருளுக்கு அதன் விலைக்கு மேல் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஒருமுறை அவசரத்துக்கு ஒரு குடை வாங்கினார். அடுத்த தெருவில் அதே குடை விலை குறைவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குடையைக் கொட்டுகிற மழையில்கூட அவர் விரிக்கவில்லை. பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

எங்கள் கல்யாணமே கொட்டேஷனில் நடந்ததுதான். கம்பெனி ஆட்களுக்கு யூனிஃபார்ம் தைக்க விலை கேட்டுக்கொண்டு, நான் வேலை பார்த்த தையல் கடைக்கு வந்தார். ஆர்டரை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டு என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். சண்டை வரும்போதெல்லாம் இதைச் சொல்லிக் காட்டுவேன். “உன்னை ஒருத்தியைத்தான் வேற எங்கயும் விசாரிக்காம எடுத்தேன், அதான் இப்படி மாட்டிக்கிட்டேன்” என்பார். கையில் கிடைத்த துணி உருண்டையை அவர்மேல் எறிவேன்.

நாங்கள் இருப்பது மேல்மாடி. தலைக்கு மேல் மொட்டை மாடி, அதற்கு மேல் சூரியன். பல வீடுகள் அலைந்து பார்த்து, வாடகை குறைவு என்று இவர் கண்டுபிடித்த வீடு இது. ஏன் குறைவு என்பது முதல் கோடையில் தெரிந்துவிட்டது. படுக்கையறையிலேயே ஜன்னலோரமாக என் தையல் மிஷின். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பது என் வேலை. பள்ளி திறப்பதற்கு முன்னால்தான் ஆர்டர் குவியும், அதாவது வெயில் மண்டையைப் பிளக்கிற மாதங்களில். ஃபேன் போட்டால் வெட்டி வைத்த துண்டுகள் பறக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இஸ்திரிப்பெட்டி கொதிக்க, கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு தைப்பேன்.

ஒரு ஏசி வாங்கிப் போடுங்கள் என்று கேட்டேன். மாட்டேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது வாங்கியிருப்பேன். சரி என்று சொல்லிவிட்டு விலை விசாரிக்கக் கிளம்பினார். நாலு கோடையாக விசாரித்தார். ஊரில் உள்ள கடைகளின் விளம்பரத் தாள்கள் எல்லாம் எங்கள் வீட்டு டிராயரில் இருந்தன. இரவுச் சாப்பாட்டின்போது படித்துக் காட்டுவார். இவன் ஸ்டெபிலைசர் இலவசமாகத் தருகிறான், ஆனால் ஸ்டாண்டுக்குத் தனியாக வாங்குகிறான். அவன் மாட்டுகிற கூலி வாங்குவதில்லை, காப்பர் பைப்பில் சுரண்டுகிறான். கேட்டுக் கேட்டு எனக்கே எல்லா விலையும் மனப்பாடம். கடைசியில் ஒரே தீர்ப்புதான் வரும். “சீசன்ல ஏசி வாங்கறவன் இளிச்சவாயன். மழை ஆரம்பிக்கட்டும், பாதி விலைக்குக் கூவிக் கூவிக் கொடுப்பான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா?” மழை வரும். வீடு குளிர்ந்துவிடும். இப்போது எதற்கு ஏசி என்று நானே சொல்லிவிடுவேன். அவர் வெற்றி பெற்றவர் மாதிரி தாள்களை அடுக்கி உள்ளே வைப்பார்.

போன வருஷம் என் வயிற்றில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். அப்புறம் பல மாதம் மருந்து ஏற்றினார்கள். முடி போயிற்று, நாக்கில் ருசி போயிற்று, போன முடி பஞ்சு மாதிரி கொஞ்சம் திரும்பி வந்தது. அந்த ஆபரேஷனுக்கும் மூன்று ஆஸ்பத்திரி விசாரித்தாரா என்று கேட்பீர்கள். விசாரித்தார். ஆனால் எவ்வளவு ஆகும் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை, யார் கைராசிக்காரர் என்று மட்டும் கேட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் இருந்தோம். மகளும் அப்படித்தான் நினைத்தாள். அவள் விமானத்தில் ஏறி வர வேண்டிய தூரத்தில் இருக்கிறாள். புருஷனுக்கும் அவளுக்கும் வேலை, பையனுக்குப் பள்ளிக்கூடம். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் அவளுக்கு நீண்ட லீவு கிடைக்கும். வருஷக் கடைசிக்கு வருவதாக இருந்தாள். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் இவர்தான். யாரும் போகாத நாளாகப் பார்த்து, அடிமாட்டு விலைக்கு எடுத்தேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்தக் கோடை ஆரம்பிக்கும்போது வலி திரும்பி வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், நர்ஸை அழைத்து என்னை எடை பார்க்கக் கூட்டிப் போகச் சொன்னார். வந்தவுடனேதான் எடை பார்த்திருந்தார்கள். மறுபடியும் எதற்கு என்று நான் கேட்கவில்லை, போனேன். திரும்பி வந்தபோது இவர் வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை என்றார்.

வேறொன்றுமில்லை என்றால் எதற்காக அந்தச் சுவரை அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். நானும் வழியில் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார்.

சாவுக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. பயம் இருந்தது. ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகள் வருஷக் கடைசியில் வரும்வரை நான் இருப்பேனா, மாட்டேனா? இருப்பேன் என்றால் அவளை இப்போது கூப்பிடக் கூடாது. ஒரே லீவு, இப்போது வந்துவிட்டால் அப்போது வர முடியாது, அடித்துப் பிடித்து வந்தால் வேலைக்கே ஆபத்து. இருக்க மாட்டேன் என்றால், இப்போதே கூப்பிட வேண்டும். அவள் முகத்தைப் பார்க்காமல் போவது என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வலி திரும்பியது மகளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். “அம்மா, நான் இப்பவே கிளம்பி வரட்டுமா?” என்று அவளே கேட்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் போனை வாங்கிக்கொள்வார். அம்மாவுக்கு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள், போட்ட டிக்கெட்டை எதற்கு வீணாக்க வேண்டும், பதறாத காரியம் சிதறாது என்று வரிசையாகச் சொல்லுவார். அவள் அப்பா சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவள். சரிப்பா என்று வைத்துவிடுவாள்.

நேராகவே கேட்டேன். மாத்திரை வேலை செய்ய நாளாகும் என்று பூசி மெழுகினார். டாக்டரிடமும் கேட்டேன். அந்த மனிதர் எனக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் இவர் முகத்தைப் பார்த்தார். தைரியமாக இருங்கள் என்றார். நான் தைரியத்தையா கேட்டேன்? எனக்கு ஆத்திரமாக வந்தது. என் வயிறு, என் கட்டி, அதைப் பற்றி இரண்டு ஆண்பிள்ளைகள் எனக்குத் தெரியாமல் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு இவர் சாயங்காலங்களில் வெளியே போக ஆரம்பித்தார். ஆபீஸிலிருந்து வந்து, எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, “ஏசி விலை விசாரிச்சிட்டு வந்திடறேன்” என்று ஒரு பெரிய துணிப்பையோடு கிளம்புவார். இந்த வருஷமும் ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் ஒரு நிம்மதி. மழைக்காலத்தில் ஏசி வாங்குகிற திட்டம் இருக்கிறதென்றால், அந்த மழைக்காலத்தில் நானும் இருக்கிறேன் என்றுதானே அர்த்தம்? வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்வார். விளம்பரத் தாள் ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. மாத்திரை மயக்கத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் காலையில், இவர் ஆபீஸுக்குப் போன பிறகு, கதவு தட்டினார்கள். இரண்டு பேர் பெரிய அட்டைப்பெட்டியைப் படிகளில் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். ஏசி என்றார்கள். வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்றேன். மெக்கானிக் ரசீதைக் காட்டினார். இவர் பெயர், எங்கள் கதவு எண். கடைப் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே கண்ணாடி போட்ட அந்தப் பெரிய கடை. இவர் அதற்கு வைத்திருந்த பெயர் கொள்ளைக் கூடாரம். அதன் வாசலில்கூட நிற்க மாட்டார், நின்றால் பார்க்கிங் காசு கேட்பான் என்பார்.

அவர்கள் சுவரில் துளை போட்டார்கள். என் மிஷினை நகர்த்தி, துணிகளின்மேல் போர்வை போட்டு மூடினேன். வெளிப்பக்கப் பெட்டியை மாட்ட ஸ்டாண்டு, அதற்குத் தனிக் காசு. ஸ்டெபிலைசர், அதற்குத் தனி. பைப்பு அடிக்கணக்கில் தனி. மாட்டுகிற கூலி தனி. எல்லாம் ரசீதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது. நாலு கோடை மனப்பாடம் செய்தவளுக்குக் கணக்குப் போடத் தெரியாதா? ஊரில் எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும் இதைவிடக் குறைவு. மழைக்காலத்தில் இந்தக் காசுக்கு இரண்டு ஏசி வாங்கலாம்.

சார் பேரம் பேசவில்லையா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் சிரித்தார். “பேரமா? சார் விலையே கேக்கலம்மா. நேத்து சாயங்காலம் நேரா வந்தாரு, நாளைக் காலையிலயே மாட்டிக் கொடுப்பீங்களான்னு மட்டும் கேட்டாரு. அடுத்த வாரம் ஆஃபர் வருது, பொறுத்துக்கறீங்களான்னு எங்க ஆளே சொல்லிப் பாத்தாரு. வேணாம்னுட்டாரு.” கம்ப்ரசருக்குப் பத்து வருஷ வாரண்டி, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று சொல்லி, வாரண்டிச் சீட்டை என் கையில் கொடுத்தார்.

இவர் மதியமே பெர்மிஷன் போட்டுவிட்டு வந்துவிட்டார். மெக்கானிக்குக்கும் கூட வந்தவருக்கும் கேட்காமலே காசு கொடுத்தார். அவர்கள் போனதும் ஜன்னலைச் சாத்தி, என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, ரிமோட்டை என் கையில் கொடுத்தார். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. எத்தனை வருஷமாகக் கேட்ட காற்று! எனக்கு அப்போது வந்தது சந்தோஷமில்லை, கோபம். ஏமாந்த கோபம்.

பிடித்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர், இப்படித் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்து மிளகாய் அரைக்கச் சொன்னீர்களே என்றேன். ஸ்டாண்டுக்குக் காசாம், கூலிக்குக் காசாம், கேட்கிறவன் கேனையன் என்றால் இப்படித்தான் என்றேன். ஒரு கடை வேண்டாம், இன்னொரு கடை வாசலையாவது மிதித்தீர்களா என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பேசாமல் இருப்பவரைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஏறும்.

“இத்தனை வருஷம் பொறுத்தோம். இன்னும் கொஞ்சம் பொறுத்தா மழை ஆரம்பிச்சிரும். பாதி விலைக்குக் கிடைக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க? அப்ப வாங்கியிருக்கலாமில்ல?” என்றேன்.

“அப்ப வாங்கி என்ன பண்றது?” என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. திரைச்சீலையைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அறையில் புது மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் டாக்டரிடம் கேட்டு, இவரிடம் கேட்டு, யாரும் சொல்லாத பதில் என் கட்டிலுக்கு எதிரே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மழைவரை பொறுக்க முடியாது என்பதால்தான் இந்த மனிதர் விலை கேட்கவில்லை.

பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்றேன். வந்து உட்கார்ந்தார். தினமும் சாயங்காலம் ஏசி விலை கேட்கத்தானே போனீர்கள் என்று கேட்டேன். தலையை ஆட்டினார், இல்லையென்று.

“உன் ஸ்கேனைப் பையில வெச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். மூணு பெரிய டாக்டருங்ககிட்டக் காட்டினேன்” என்றார். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “மூணு பேரும் ஒரே ரேட்டுதான் சொன்னாங்க.”

காலமெல்லாம் பேரம் பேசிய பழக்கம், நாக்குக்கு வேறு வார்த்தை அகப்படவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மூணாவது ஆளுகிட்ட, கொஞ்சம் முன்னே பின்னே பாத்துச் சொல்லுங்க சார்னு கேட்டேன். அவர் எழுந்து வந்து என் தோள்ல கை வெச்சாரு. வாசல்வரைக்கும் நடந்து வந்து நின்னேன். யாரும் கூப்பிடல.”

அதைக் கேட்டதும்தான் நான் உடைந்தேன். எனக்காக அழுதேனா அவருக்காக அழுதேனா, எனக்கே தெரியவில்லை. ஊரில் உள்ள கடைக்காரன் எல்லாம் பின்னாலேயே ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துக் குறைத்துக் கொடுத்த மனிதர் அவர். ஆஸ்பத்திரி வாசலில், கையில் ஒரு துணிப்பையோடு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் அழவில்லை. என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார், அது போதாதென்று ரிமோட்டை எடுத்துக் குளிரைக் குறைத்தார்.

எவ்வளவு நாள் என்று கேட்டேன். மழை ஆரம்பிக்கும்வரை பயமில்லை என்று சொன்னார்கள் என்றார்.

மழைக்கும் வருஷக் கடைசிக்கும் நடுவே எத்தனையோ வாரம் இருக்கிறது. இது தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளை ஏன் வரவேண்டாம் என்று தடுத்தீர்கள் என்று கேட்டேன். அழுகையோடு மறுபடியும் கோபம் வந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “அவ திடீர்னு வந்து நின்னா உனக்குத் தெரிஞ்சிரும். தெரியாம இருக்கற வரைக்கும் நிம்மதியா இருப்பேன்னு நெனச்சேன்” என்றார்.

“எனக்குத் தெரியாம இருக்கறதுக்கு, நான் என் பொண்ணைப் பாக்காம போகணுமா?” என்றேன். “இது ரொம்ப ஜாஸ்தி விலைங்க.”

அவர் முகம் கோணிப்போயிற்று. அதற்கு மேல் நான் திட்டவில்லை. திட்டுவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? சவரம் செய்யாத முகமும், மடித்துவிட்ட சட்டைக் கையுமாக ஒரு மனிதர், புது ஏசிக்குக் கீழே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமையலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வரச் சொன்னேன். வந்ததும் மகளுக்குப் போன் செய்யச் சொன்னேன்.

அங்கே அவளுக்கு வேலை நேரம். இந்த நேரத்தில் அப்பாவிடமிருந்து போன் என்றதுமே அவளுக்குக் குரல் மாறிவிட்டது. இவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். நான்தான் வாங்கிப் பேசினேன். வா என்றேன், அவ்வளவுதான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தன் புருஷனிடம் சொல்லிவிட்டு லீவு கேட்கிறேன், லீவு கிடைக்காவிட்டாலும் வருகிறேன், அப்பாவையே டிக்கெட் போடச் சொல்லு என்றாள். அதோடு வைத்துவிட்டாள்.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் டிக்கெட் பார்த்தார். பக்கத்தில் சாய்ந்துகொண்டு நானும் பார்த்தேன். நாளை மறுநாள் என்று போட்டால் யானை விலை குதிரை விலை. அடுத்த வாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்த மாதம் பாதிகூட இல்லை. எனக்கு மனசு கொஞ்சம் தேறியிருந்தது. மழைக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அதற்குள் அவளைப் பார்த்துவிடலாம், கணக்குத் தெரிந்துவிட்டது, இனி கவலையில்லை என்றிருந்தது. அவருடைய பழக்கம் எனக்குத் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது.

“அடுத்த மாசமே போடுங்களேன்” என்றேன். “பேரனுக்கும் பரீட்சை முடிஞ்சிரும், அவனையும் கூட்டிக்கிட்டு வருவா. மழைக்குத்தான் இன்னும் நாள் இருக்கே. எதுக்கு இவ்வளவு தண்டம்?”

“வேணாம்” என்றார். போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நாளன்னிக்கே வரட்டும்.”

“சரி, அடுத்த வாரமாவது...”

“நாளன்னிக்கே வரட்டும்மா.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மழைவரை என்று அவர் என்னிடம் சொன்னது, கொஞ்சம் கூட்டிச் சொன்ன கணக்கு. எந்தக் கடைக்காரன் சொன்ன முதல் விலையையும் நம்பாத மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள், அவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன். சரியான விலை என்ன என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

அவர் விரல் பொத்தானின்மேல் நின்றுகொண்டிருந்தது.

“சரி, போடுங்க” என்றேன்.